மாப்பிள்ளையை எப்படி எழுதுவது

லாண்டரிக்காரர் யாரையும் நம்ப மாட்டார். பிழைக்கப் போன நாட்டின் சட்டத்தை மட்டும் நம்பினார். அது நல்லது செய்யும் என்று நம்பினார் என்று நினைத்துவிட வேண்டாம். சொன்னபடி கடிக்கும் என்று நம்பினார். மனுஷன் எப்போது கடிப்பான் என்று தெரியாது, சட்டம் அப்படியில்லை, எங்கே கை வைத்தால் கடிக்கும் என்று முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறது.

பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அவரிடம்தான் வெளுக்க வரும். கீழே லாண்டரி, மேலே வீடு. கீழே எந்நேரமும் ஆவி அடிக்கும். சோப்பு வாடையும் சூடேறிய பருத்தி வாடையும் படிக்கட்டு வழியாக ஏறி, மேலே சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்துவிடும். வாசல் சுவரில் சட்டம் கேட்கிற காகிதங்கள் கண்ணாடிக்குள் தொங்கின. அதில் பாதி எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் காகிதம் எதற்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

அந்த நாட்டில் ஒரு ஆளை வேலைக்கு வைப்பதைவிட ஒரு கல்யாணத்தை முடித்துவிடலாம் என்பார். முதலில் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அப்புறம் டாக்டர் பார்த்து, இந்த வேலைக்கு இந்த உடம்பு தாங்கும் என்று முத்திரை குத்த வேண்டும். அப்புறம் காப்பீட்டில் பெயர் ஏற வேண்டும். கடைசியாக மெஷினைக் காட்டிச் சொல்லிக்கொடுத்து, நான் சொன்னேன் என்று முதலாளியும் எனக்குப் புரிந்தது என்று ஆளும் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனையும் ஆன பிறகுதான் அந்த ஆள் ஒரு துண்டை எடுத்து மடிக்கலாம்.

அந்த நாட்டுப் பெண் ஒருத்தி வேலை கேட்டு வந்தாள். நல்ல உயரம். அதனால் அவளுக்கு நெட்டை என்று பெயர் வைத்தார். வந்த அன்றே அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "சும்மாதானே நிக்கிறேன், அந்தக் கூடையைத் தூக்கித் தரட்டுமா?" என்று கேட்டாள். அவர் கூடையைப் பிடுங்கிக்கொண்டார்.

"காகிதம் வரட்டும். அதுவரைக்கும் நீ யாரோ, நான் யாரோ. உனக்குக் கால் சுளுக்கினாலும் என் தலைதான் உருளும்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. காகிதம் வரும்வரை அவளை வாசலைத் தாண்ட விடவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு ஆளைக் காகிதம் இல்லாமல் உள்ளே விட்டார். அவருடைய தங்கச்சி புருஷனை.

மாப்பிள்ளை ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடை படுத்துவிட்டது. தங்கச்சி போனில் ஒன்றும் கேட்கவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினாள். லாண்டரிக்காரர் அலைந்து திரிந்து, நெருங்கிய உறவினர் வந்து தங்குகிற அனுமதியில் இரண்டு பேரையும் வரவழைத்து மேல்வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார்.

வந்து இறங்கிய மறுநாள் மாப்பிள்ளை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு கீழே வந்து லாண்டரியைச் சுற்றிப் பார்த்தார். ஜவுளிக்கடைக்காரர் கை, துணியைக் கண்டால் சும்மா இருக்காது. ஒரு விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் நெருடிப் பார்த்து, "நூல் சுமார்தான் மச்சான். நம்ம கடையில இதையெல்லாம் உள்ளேயே விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

லாண்டரிக்காரர் தன் நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டார். "நீங்க உட்காருங்க மாப்பிள்ளை."

உட்கார்ந்தார். ஆனால் ஒரு ஆம்பளை மச்சான் வீட்டு நாற்காலியில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான்? முதலில் தலையணை உறைகளை மடித்து அடுக்கினார். பிறகு கூடை தள்ளினார். பிறகு உருளை மெஷின் பக்கம் போய் நின்றார்.

அந்த உருளை மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஒரு ஆள் நீட்டிப் படுத்தாலும் மீதி இருக்கும் நீளம். உள்ளே கொதிக்கிற உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். ஈர விரிப்பின் இரண்டு மூலையையும் இரண்டு பேர் பிடித்து வாயில் கொடுத்தால், இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் காய்ந்த விரிப்பாகத் தள்ளும். வாய்க்கு முன்னால் ஒரு மஞ்சள் கோடு. விரல் அதைத் தாண்டக் கூடாது. தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கம்பி. அதை அடித்தால் மெஷின் நிற்கும். வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் அந்தக் கோட்டின் முன்னால் நிறுத்தி, "இது துணிக்கும் தோலுக்கும் வித்தியாசம் பாக்காது" என்று பாடம் நடத்துவது லாண்டரிக்காரரின் வழக்கம்.

மாப்பிள்ளைக்கு அவர் பாடம் நடத்தவில்லை. வீட்டு மாப்பிள்ளையைக் கோட்டின் முன்னால் நிறுத்தி, கையை நீட்டு, மடக்கு என்று சொல்வதா?

கணக்கர் வந்தபோது பார்த்துவிட்டார். நம் பாஷைக்காரர்தான், அந்த நாட்டிலேயே படித்து வளர்ந்தவர், பல கடைகளுக்குச் சட்டக் காரியம் பார்த்துக் கொடுப்பவர். லாண்டரிக்காரருக்கு அவர் மேலும் முழு நம்பிக்கை கிடையாது. இவ்வளவு மெதுவாகப் பேசுகிற ஆள் எதையோ மறைக்கிறான் என்று நினைப்பார்.

"முதலாளி, மெஷின்கிட்ட நிக்கிறாரே, யாரு?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க? என் தங்கச்சி வீட்டுக்காரர்."

"எனக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியாதே. இங்க ரெண்டே வகைதான். வேலை செய்யறவன், செய்யாதவன். மச்சான் மாப்பிள்ளைன்னு அவங்க காகிதத்துல கட்டம் கிடையாது."

"பொழுதுபோகாம தொடறாருய்யா."

"பொழுதுபோகாம தொட்டா மெஷின் மெதுவாச் சுத்துமா? ஒப்பந்தம் போட்டு எழுதிக்குங்க. அவர் வந்த அனுமதியை வேலை அனுமதியா மாத்த வழி இருக்கு. நானே முடிச்சுத் தரேன். எழுதறதுல தப்பு இல்லை முதலாளி, எழுதாம வெச்சிருக்கறதுதான் தப்பு."

ஒப்பந்தத்தை எடுத்துப் போட்டு நம் பாஷையில் படித்தும் காட்டினார். தொழிலாளி முதலாளியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும். தொழிலாளி தவறு செய்தால் முதலாளி கண்டிக்கலாம். முன்கூட்டித் தெரிவித்து வேலையை விட்டு நீக்கலாம்.

லாண்டரிக்காரர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "தங்கச்சி புருஷனை நான் வேலையை விட்டு நீக்கறதா? இதை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவர் முன்னாடி நீட்டுவேன்?"

இருந்தாலும் நீட்டப் பார்த்தார். மத்தியானம் தங்கச்சியோடு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டு தடவை இருமினார். "மாப்பிள்ளை, இந்த ஊர்ல ஒரு பைத்தியக்காரச் சட்டம் இருக்கு" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை சாப்பாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அதாவது, உங்க ஆளுன்னு என்னை எழுதணும். அப்படித்தானே மச்சான்?" என்றார்.

"சும்மா பேருக்குத்தான்."

"பேருக்குன்னாலும் அது என் பேருதானே."

மாப்பிள்ளை தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனார். தங்கச்சி அந்தத் தட்டை எடுத்துக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னாள்.

"ஏண்ணே, உன் வீட்டு மாப்பிள்ளைய உனக்கு வேலைக்காரன்னு எழுதிக் கையெழுத்து வாங்கினா, நாளைக்கு என் மாமியார் வீட்டு வாசல்ல நான் எப்படிப் போய் நிப்பேன்? கடை போச்சு. மிச்சம் இருக்கறது அவர் மரியாதைதான். அதையும் உன் மெஷின்ல போட்டுத் தேய்க்கணுமா?"

லாண்டரிக்காரருக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. கேட்டாயிற்று, வேண்டாம் என்றுவிட்டார்கள். கணக்கரிடம் அப்புறம் பார்க்கலாம் என்றார். அப்புறம் என்பது வரவே இல்லை.

மாப்பிள்ளை நன்றாகவே வேலை செய்தார். அதுதான் வினை. ஒரு சுருக்கம் இருந்தால் அவருக்குப் பொறுக்காது. விரிப்பு வாய்க்குள் போகும்போது மூலை மடங்கியிருந்தால், கடையில் வாடிக்கையாளர் முன்னால் புடவையை விரித்து நீவுகிற மாதிரி, விரலை நீட்டி நீவிவிடுவார். மஞ்சள் கோட்டைத் தாண்டி. லாண்டரிக்காரர் அதை முதல் தடவை பார்த்தபோது வாயைத் திறந்தார். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

வேறு யாராக இருந்தாலும் அவர் வாயிலிருந்து வருகிற வசவில் காது பழுத்திருக்கும். இவரை எப்படி அதட்டுவது? அதட்டினால் நாலு பேர் முன்னால், அதுவும் வேற்று நாட்டுப் பெண் முன்னால், மாப்பிள்ளை தலை குனிவார். குனிந்த தலையோடு மேலே போய்த் தங்கச்சியிடம் பெட்டியைக் கட்டச் சொல்வார்.

அதனால் நம் வீடுகளில் எல்லாரும் செய்கிற காரியத்தை அவரும் செய்தார். மாமியாருக்குச் சொல்ல வேண்டியதை மருமகள் பூனையைப் பார்த்துச் சொல்வதில்லையா, அந்த மாதிரி. மாப்பிள்ளை காதில் விழட்டும் என்று நெட்டையைப் பிடித்துக் கத்தினார்.

"ஏய் நெட்டை! கோட்டைத் தாண்டிக் கை போகுது பாரு! கை வேணுமா வேண்டாமா உனக்கு? எத்தனை தடவை சொல்றது?"

நெட்டையின் கைகள் அப்போது கூடைக்குள் இருந்தன. அவள் தன் கைகளைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நான் தாண்டலையே" என்றாள்.

"எதிர்த்துப் பேசாதே!"

மாப்பிள்ளை நெட்டையைப் பார்த்துப் பாவமாகத் தலையை ஆட்டினார். "விடுங்க மச்சான், சின்னப் பொண்ணு" என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த மூலையை நீவிவிட்டார்.

இப்படி எத்தனையோ தடவை. நெட்டை வாங்காத வசவு இல்லை. சொல்ல வேண்டிய இடத்துக்கு மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை.

ஓட்டல்களில் கூட்டம் நிறைந்திருந்த காலம். ஒரு முற்பகல், விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. நெட்டை ஒரு மூலை, மாப்பிள்ளை ஒரு மூலை. லாண்டரிக்காரர் வாசலில் வண்டிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அது அலறல் மாதிரி இல்லை. கனமான மூட்டையைத் தூக்கும்போது வருகிற முக்கல் மாதிரி இருந்தது. ஈரமான ஓரம் விரலில் சுற்றிக்கொண்டு விரிப்போடு கையையும் இழுத்துக்கொண்டது. நெட்டை பாய்ந்து சிவப்புக் கம்பியை அடித்தாள். மெஷின் நின்றது. கை உள்ளே இருந்தது. வெள்ளைச் சட்டை முழங்கை வரைக்கும் உள்ளே போயிருந்தது.

எப்படி எடுத்தார்கள் என்பதைச் சொல்லப் போவதில்லை. வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்ட கேள்வியே எங்கே நடந்தது என்பதுதான். லாண்டரியில் என்றதும் எழுதுகிறவன் நிமிர்ந்து, அங்கே வேலை செய்பவரா என்று கேட்டான். லாண்டரிக்காரர் காது கேளாதவர் மாதிரி நின்றார். தொழிலாளர் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும் என்று அவன் போனை எடுத்தான்.

தாழ்வாரத்துக் குழல்விளக்குகளுக்குக் கீழே கணக்கர் அவரை ஓரமாகக் கூப்பிட்டுப் போனார். வழக்கமான மெதுவான குரல்.

"நாளைக்குத் தொழிலாளர் ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா வந்து கேப்பாங்க. நான் அங்க வேலை செஞ்சேன்னு அவர் சொன்னா போதும். இல்லாட்டி நீங்க ஒத்துக்கிட்டாலும் போதும். காகிதம் இல்லாட்டியும் பரவாயில்லை. தொழிலாளர் நிதின்னு ஒண்ணு இருக்கு. வைத்தியம், செயற்கைக் கை, ஆயுசு முழுக்க மாசாமாசம் உதவி. எல்லாம் அவருக்குக் கிடைக்கும்."

"எனக்கு?"

"எழுதாம ஆளை மெஷின்ல நிறுத்தினதுக்கு உங்களுக்கு ஆள் வைக்கிற உரிமையே போயிடும். ஆள் இல்லாம லாண்டரி ஏது?"

"இல்லைன்னு சொல்லிட்டா?"

கணக்கர் குரலை இன்னும் தணித்தார். "வந்த விருந்தாளி மெஷின்ல கையை விட்டாருன்னு ஆகும். நிதி அவரை எட்டிக்கூடப் பாக்காது. உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது."

இவன் யார் பக்கம் பேசுகிறான் என்று லாண்டரிக்காரருக்குப் பிடிபடவில்லை. சட்டம் சொன்னபடிதான் கடித்தது. எங்கே கடிக்கும் என்று எழுதியிருந்த இடத்தில்தான் அவரே கையை வைத்திருந்தார். இல்லை, மாப்பிள்ளை கையை.

தங்கச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கத்தரித்து எடுத்த வெள்ளைச் சட்டையின் மிச்சம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேலைக்காரர்னே சொல்லிடறேன். லாண்டரி போனா போகட்டும். நான் எங்கயாவது மூட்டை தூக்கிப் பொழைச்சுக்கறேன்."

"சொல்லுண்ணே."

"மரியாதைன்னு சொன்னியே?"

"கை இருந்தப்போ சொன்னேன்" என்றாள்.

மறுநாள் ஆபீஸ் அம்மா வந்தாள். வெட்டிய தலைமயிர், தேய்ந்த செருப்பு, கனத்த பை. காலையிலேயே லாண்டரிக்குப் போய் நெட்டையிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். நெட்டை இருந்ததை இருந்தபடி சொல்லியிருந்தாள்: தினமும் மெஷினில் நிற்பார், என்னோடுதான் நிற்பார். லாண்டரிக்காரர் மனசுக்குள் நெட்டையைத் திட்டினார். பிறகு, தானும் அதைத்தானே சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைவு வந்தது.

அந்த அம்மா கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள். கணக்கர் நம் பாஷையில் சொன்னார். "நீங்க அங்க வேலை செஞ்சீங்களான்னு கேக்கறாங்க. ஆமான்னு சொன்னா போதும். உங்களுக்கு நல்லதுதான் நடக்கும்."

மாப்பிள்ளை முகம் வெளுத்திருந்தது. தாடி முளைத்திருந்தது. கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நான் கூலிக்காரன் இல்லைன்னு சொல்லுங்க. மச்சான் வீட்டுல வந்து தங்கியிருக்கேன். துணி சுருங்கியிருந்தது, நீவிவிட்டேன். அவ்வளவுதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்றாங்க."

"நான் கடை வெச்சிருந்தவன். என்கிட்ட ஆளுங்க வேலை பாத்தாங்க. அதையும் சொல்லுங்க."

தங்கச்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். ஆபீஸ் அம்மாவும் திரும்பி லாண்டரிக்காரரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. இவர் உங்க தொழிலாளியா?"

அந்த நாட்டுப் பாஷையில் தொழிலாளிக்கு என்ன வார்த்தை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வழி நெடுக அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். சொல்ல வாயைத் திறந்தபோது மாப்பிள்ளை கண் அவர் மேல் இருந்தது. உருளைக்கு முன்னால் அன்றைக்குத் திரும்பிப் பார்த்த அதே பார்வை. அன்றைக்கு மூடிக்கொண்ட வாய் இன்றைக்கும் மூடிக்கொண்டது. திறந்தபோது வேறு வார்த்தை வந்தது, அதுவும் நம் பாஷையில்.

"எங்க வீட்டு மாப்பிள்ளை."

"என்ன சொல்றார்?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"உறவுக்காரர்ங்கறார்" என்றார் கணக்கர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"அதை நான் கேக்கலை. தொழிலாளியா, இல்லையா? ஒரே வார்த்தை."

"இல்லை" என்றார் லாண்டரிக்காரர், அந்த நாட்டுப் பாஷையில்.

அந்த வார்த்தை தங்கச்சிக்கும் தெரியும். கடை கண்ணிக்குப் போனால் முதலில் காதில் விழுகிற வார்த்தை அது.

ஆபீஸ் அம்மா பேனாவை மூடினாள். உடனே எழுந்திருக்கவில்லை. "அடிபட்டவரே இல்லைன்னா, முதலாளியும் இல்லைன்னா, ஒரு பொண்ணு சொன்னதை வெச்சு நான் என்ன செய்ய? கேக்காதவருக்கு என்னால குடுக்க முடியாது" என்று கணக்கரிடம் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மாப்பிள்ளை தலையணையில் சாய்ந்தார். "சரியாச் சொன்னீங்க மச்சான்" என்றார்.

மாப்பிள்ளையின் மரியாதைக்காகச் சொன்னாரா, லாண்டரிக்காகச் சொன்னாரா என்பது லாண்டரிக்காரருக்கே தெரியாது. மரியாதைக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார். யாரையும் நம்பாத மனுஷன் அதை மட்டும் எப்படி நம்புவார்?

லாண்டரி நடந்தது. நெட்டை சட்டப்படி முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வேலையை விட்டாள். போகிற அன்று வாசலில் நின்று, "என்னைத் திட்டினதெல்லாம் அவர் கேக்கறதுக்குத்தானே?" என்று கேட்டாள். அவர் சுவரில் தொங்கிய காகிதத்தின் கண்ணாடியைத் துடைத்தார். "அவர்தான் எங்க பாஷை கத்துக்கவே இல்லையே. என்னைத் திட்டறது எதுக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நெட்டையை அவர் எப்போதும் அந்த நாட்டுப் பாஷையில்தான் திட்டுவார். அந்த ஒன்று மட்டும் அவருக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

மேல்வீட்டில் தங்கச்சி சாப்பாடு பரிமாறினாள். அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைத்துவிட்டு, "வெச்சிருக்கு" என்பாள், சுவரைப் பார்த்து. அவர் காதில் விழட்டும் என்று.

கொஞ்ச காலம் போனது. ஒரு நாள் மாப்பிள்ளை கீழே இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, வலது கைப்பக்கத் துணியை மடித்து ஊசி குத்தியிருந்தது. கணக்கரும் அப்போது இருந்தார்.

"மச்சான், அந்தக் காகிதத்தை எடுங்க. என்னை எழுதிக்குங்க. உங்க ஆளுன்னே எழுதுங்க. எனக்கு ஒண்ணும் இல்லை."

லாண்டரிக்காரர் கணக்கரைப் பார்த்தார்.

"எழுதலாம்" என்றார் கணக்கர். "ஆனா முதல்ல டாக்டர் பாக்கணும் ஐயா. இந்த வேலைக்கு இந்த உடம்பு தாங்கும்னு முத்திரை குத்தணும்."

"ஒத்தக் கையால மடிப்பேன். பழகிட்டேன், வேணும்னா பாருங்க" என்று மாப்பிள்ளை ஒரு தலையணை உறையை எடுத்து, வாயால் ஒரு முனையைக் கவ்விக்கொண்டு மடித்துக் காட்டினார். நேர்த்தியாகத்தான் இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

டாக்டர் முத்திரை குத்தவில்லை.

திரும்பி வந்த அன்று லாண்டரிக்காரர் நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டார். இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளை அவராகவே உட்கார்ந்தார்.

இப்போது உருளையருகே புதிதாக ஒரு பெண் நிற்கிறாள். ஒப்பந்தம், முத்திரை, காப்பீடு எல்லாம் உண்டு. அவளுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. முதலாளி எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். திடீரென்று, அவளுக்குத் தெரியாத பாஷையில், ஆவியைத் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்துவார்.

"கையை எடுங்க மாப்பிள்ளை!"

அவள் தன் கைகளைப் பார்ப்பாள். அவை கூடைக்குள்தான் இருக்கும்.